கை தூக்குனவ

அந்தப் புஸ்தகம் உங்க மகளுதா யம்மா? மடியில வச்சிருக்கீகள்ல, அட்டையப் பாத்தேன். உடற்கல்விப் படிப்புப் புஸ்தகம். நானும் பி.டி. டீச்சர்தான். போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டேன். சேலைக்கு அடியில கேன்வாஸ் ஷூ போட்டிருக்கேன் பாருங்க, அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் விடல.

இங்க குடுங்க பாப்போம். ஆமா, அதேதான். 'தனிநபர், இருவர், குழு விளையாட்டுகள்: ஓர் அறிமுகம்.' எங்க காலத்துலயும் இதுதான் முதல் பாடம். படத்தை மட்டும் கலர் ஆக்கிட்டாக.

உங்க மக என்ன ஆடுறா? கபடியா? நல்லது. ஏழு பேரு சேந்து ஜெயிப்பாக, ஏழு பேரு சேந்து தோப்பாக, சாயங்காலம் பரோட்டாவத் தின்னுட்டு மறந்துருவாக. ஓட்டம்னாலும் சரிதான். தோத்தா நம்ம காலு, நம்ம மூச்சு, வேற யாரையும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கிடாதீக. ஜோடி ஆட்டத்துக்கு மட்டும் உங்க மகளப் போக வேண்டாம்னு சொல்லுங்க. இன்னொருத்திய நம்பி ஒரு கோட்டுக்குள்ள நிக்கவே கூடாது.

எதுக்குன்னா கேக்கிறீக? இப்பத்தான் வண்டி தூத்துக்குடியத் தாண்டியிருக்கு. கோவில்பட்டி போக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். சொல்றேன் கேளுங்க.

என் பேரு குருவம்மா. விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் எங்க ஊரு. நான் ஓட்டக்காரி. எண்ணூறு மீட்டர். பத்தாவது படிக்கும்போது மாவட்டத்துல ரெண்டாவதா வந்தேன், அதுவும் வெறுங்காலோட. ஓடுறதத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. யார்கூடயும் சேரவும் தெரியாது, எங்க ஆத்தாவே சொல்லும், 'இவ ஒத்தக் கொரங்கு'ன்னு. அந்த ஓட்டத்த வச்சுத்தான் மதுரைப் பக்கம் ஒரு உடற்கல்விக் கல்லூரியில சீட்டுக் கெடச்சுச்சு. எம்பத்தேழாம் வருஷம்.

அங்க புன்னைவனம் சார்னு ஒருத்தர். தொப்பை வச்சிருப்பாரு, ஆனா ஊதல் வாயில வச்சா மைதானமே நிக்கும். முதல் நாள் இந்தப் பாடத்த நடத்துறாரு. தனிநபர் ஆட்டம், இருவர் ஆட்டம், குழு ஆட்டம். நான் எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டேன். 'சார், இருவர் ஆட்டம்னா எதிரெதிரா நிக்கிற ரெண்டு பேரா, ஒரே பக்கம் நிக்கிற ரெண்டு பேரா?' வகுப்பே சிரிச்சுச்சு. அவர் சிரிக்கல. 'ரெண்டும்தாம்மா. சில நேரம் எது எதுன்னு ஆடுறவங்களுக்கே தெரியாது'ன்னாரு. அப்ப ஏதோ வேடிக்கைக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்.

ஆளுக்கு ஒவ்வொரு வகையிலயும் ஒரு ஆட்டம் எடுக்கணும்னு சட்டம். தனியாளுக்கு நான் எண்ணூறு மீட்டர் எடுத்துட்டேன். குழுவுக்கு கோகோ. இருவர் ஆட்டத்துக்கு வளையப்பந்து. தெரியும்ல, ரப்பர் வளையம், நடுவுல வலை, கையால எறிஞ்சு கையாலயே பிடிக்கணும். ஒத்தக் கையாலதான் பிடிக்கணும், பிடிச்ச வேகத்துல திருப்பி எறிஞ்சிரணும், உள்ளங்கையத் தவிர மேல எங்கயும் படக் கூடாது. பட்டா ஃபவுல். மட்டை வாங்க வேண்டாம், அதனால ஏழைப் பிள்ளைக ஆட்டம்னு பேரு. எங்கள மாதிரிப் பிள்ளைகளுக்குத் தோதான ஆட்டம்.

ஜோடி யாருன்னு சார்தான் போட்டாரு. வருகைப் பதிவேட்டப் பாத்து வரிசையா ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சாரு. குருவம்மாவுக்கு அடுத்த பேரு ஜெசிந்தா. அவ்வளவுதான் பொருத்தம். கல்யாணத்துக்குக் கூட பத்துப் பொருத்தம் பாக்காக, இதுக்கு இங்கிலீஷ் எழுத்துப் பொருத்தம்.

ஜெசிந்தா கடக்கரைப் பிள்ள. அவ அப்பா போட்டுக்கு இன்ஜின் ரிப்பேர் பாக்கிறவரு. குட்டையா, உருண்டையா இருப்பா. இவ எங்க ஓடி எங்க பிடிக்கப் போறான்னு நெனச்சேன். ஆனா கை இருக்கே, அவ கை, பஞ்சு. வளையம் அவ கைக்கு வந்தா சத்தமே கேக்காது. ஓட மாட்டா, முன்னாடியே போயி நின்னுருவா. எங்க விழும்னு அவளுக்குத் தெரியும்.

நல்லவதான். நான் இல்லேன்னு சொல்லல. ஊர்ல இருந்து அவளுக்குக் கருவாடு வந்தா எனக்குத்தான் முதல் பங்கு. எனக்கு ஷூ இல்லேன்னு அவளோட ரெண்டாவது ஜோடி ஷூவக் குடுத்தா. அளவு பத்தல, கட்டவெரல் நகம் போச்சு. குடுக்கிறவ அளவு பாத்துக் குடுக்க வேண்டாமா? எனக்குக் காய்ச்சல் வந்து எட்டு நாள் கெடந்தப்ப என் துணியெல்லாம் அவதான் தொவச்சா. அதையும் ஹாஸ்டல் முழுக்கப் பாக்கிற மாதிரி வாசல்லயே உக்காந்து தொவச்சா. குழாய் அங்கதான் இருந்துச்சுன்னு வைங்க.

ஒரு வருஷம் ஆடுனோம். எங்கள ஜெயிக்க ஆளு இல்ல. நான் வேகம், அவ நிதானம். எங்க பக்கம் வர்ற வளையத்துல முக்கால்வாசி நான்தான் எடுப்பேன். அவ பக்கம் வந்தாலும் பாஞ்சு போயி எடுத்துருவேன். என் கால் அப்படி. அவ ஒதுங்கிக்கிடுவா. ஒரே ஒரு நாள் சொன்னா, 'ஏட்டி குருவு, நானும் உள்ளதான் நிக்கேன்டி.' சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. நானும் சிரிச்சேன். அதோட விட்டாச்சு.

மறு வருஷம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. ஒரே ஒரு ஜோடிதான் எடுப்பாக. அதுல போயிட்டா அகில இந்தியப் போட்டி. அங்க ஆடுன சர்டிபிகேட் கையில இருந்தா வேலை வீடு தேடி வரும்னு எல்லாரும் சொல்வாக. எங்க வீட்டு நெலமை அப்ப எப்படின்னா, அப்பா மில்லு மூடிக் கெடக்கு, எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சிக. அந்த ஒரு தாள் கெடச்சா வீடு நிமிர்ந்துரும். அது ஜெசிந்தாவுக்கும் தெரியும். அவகிட்டதான் எல்லாத்தையும் சொல்லியிருந்தேன். அதச் சொல்லிருக்கக் கூடாது.

கடைசி ஆட்டம். எதுத்தாப்புல நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைக ரெண்டு பேரு. ரெட்டப் பிறவி மாதிரி ஆடுவாக. முதல் செட் எங்களுக்கு, ரெண்டாவது அவுகளுக்கு. மூணாவது செட்டு இழுத்துக்கிட்டே போகுது. இருபத்தொண்ணு எடுக்கணும். அவுக இருபது, நாங்க பத்தொம்பது. வெயிலு மண்டையப் பொளக்குது. தேர்வாளருங்க மூணு பேரு நாற்காலியில உக்காந்திருக்காக. புன்னைவனம் சாரு வேப்பமரத்தடியில நிக்காரு, உக்காரவே இல்ல.

வளையம் நடுவுல வந்துச்சு. எனக்கும் அவளுக்கும் சரி நடுவுல. அது அவளுக்கு வாகான வளையம்னு பின்னால எல்லாரும் சொன்னாக. எனக்கு எப்பவும் போல கால் பாஞ்சுருச்சு. 'எனக்கு'ன்னு கத்திக்கிட்டே போனேன். ரெண்டு பேரும் கையை நீட்டிட்டோம், இடிச்சுக்கிட்டோம். எப்படியோ வளையத்த நான் பிடிச்சு எறிஞ்சுட்டேன். அந்தப் பக்கம் கோட்டுக்குள்ள போய் விழுந்துச்சு. அந்தப் பிள்ளைக அசையவே இல்ல. அம்பயர் எங்க பக்கம் கையக் காட்டிட்டாரு. இருபதுக்கு இருபது. கூட்டம் விசில் அடிக்குது.

அப்ப இவ கையத் தூக்குனா.

'சார், பட்டுச்சு சார்'ங்கா.

அம்பயர் ஊதல வாயில இருந்து எடுத்தாரு. 'என்னம்மா?'

'வளையம் மேல பட்டுச்சு சார். ஃபவுல்.'

'யார் மேலம்மா பட்டுச்சு?'

இவ என்னப் பாத்தா. ஒரு நொடிதான். நான் குனிஞ்சு ஷூ கயித்தக் கட்டிக்கிட்டிருந்தேன். அவுந்துருந்துச்சு. இவ சொன்னா, 'என் மேலதான் சார்.'

முடிஞ்சு போச்சு. இருபத்தொண்ணுக்குப் பத்தொம்பது. அந்தப் பிள்ளைக ரெண்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதுச்சுக. யாரும் கேக்கல யம்மா. அம்பயர் பாக்கல, லைன்ல நின்னவன் பாக்கல, எதிராளி கேக்கல. எதுக்குச் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. வாய மூடிக்கிட்டு இருந்தா யாருக்கு என்ன நட்டம்? அந்த நாகர்கோவில் பிள்ளைகளுக்கு நட்டமா? அதுக அப்பன் ரெண்டு பேரும் வாத்தியாரு, அதுகளுக்கு என்ன?

இன்னொண்ணு கேளுங்க. தேர்வாளர்ல ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடி போட்டவுக, எந்திரிச்சு வந்து இவ முதுகுல தட்டிக் குடுத்தாக. 'இப்படி ஒரு ஆட்டக்காரிய நான் பாத்ததில்ல'ன்னாக. ஒரு வாரம் கழிச்சு லிஸ்ட் வருது. அந்த ஜோடி, கூட ஒரு மாற்று ஆட்டக்காரி. யாருன்னா, ஜெசிந்தா. என் பேரு எங்கயும் இல்ல. நான் எடுத்த பாயிண்டுல பாதி கூட இவ எடுத்திருக்க மாட்டா.

லிஸ்டக் கையில வச்சுக்கிட்டு ஹாஸ்டலுக்கு வந்தா. 'குருவு, சார்கிட்ட போயிச் சொல்லிட்டேன். எனக்குப் பதிலா உன்னப் போடச் சொன்னேன். முடியாதுங்காரு. நான் போவல, விடு'ன்னா.

'யாரு உன்னப் போக வேண்டாம்னா? போ. போயி எல்லாத்துலயும் கையத் தூக்கு'ன்னேன்.

'இப்படிப் பேசாதடி.'

'வேற எப்படிப் பேசணும்? எங்க வீட்டுல அடுப்பு எரிய இருந்துச்சு, அதுல தண்ணி ஊத்திட்டு வந்து நிக்க.'

அவ ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா என்னாயிருக்கும்னு நானும் நெனச்சுப் பாத்திருக்கேன். கட்டில் ஓரத்துல உக்காந்து அழுதா. நான் பக்கெட்ட எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிட்டேன். அதோட பேச்சு நின்னு போச்சு. மிச்சம் ஆறு மாசம் ஒரே ரூம்ல இருந்தோம், ஒரு வார்த்தை கெடையாது. அவ பேசுவா, நான் பேச மாட்டேன்.

அவ போனா, ஆடுனா, சர்டிபிகேட் வாங்குனா. படிப்பு முடிஞ்ச மறு வருஷமே கடக்கரையில ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துல வேலை. கன்னியாஸ்திரீங்க நடத்துற பள்ளிக்கூடம். நான் எட்டு வருஷம் காத்துக் கெடந்தேன். வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சுட்டு வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிட்டு. ஒரு தனியார் நர்சரியில ஆயாவுக்கு ஆயா, டிரில்லுக்கு டிரில்லு. மூணு வயசுப் பிள்ளைகளுக்குக் கையத் தூக்கு, எறக்குன்னு சொல்லிக் குடுக்கிறதுக்கா ரெண்டு வருஷம் படிச்சேன்? தங்கச்சிக ரெண்டும் படிப்ப விட்டுட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போச்சுக. எனக்கு உதவின்னு ஒரு ஈ காக்கா வரல யம்மா.

ஜெசிந்தா காயிதம் போட்டா. மூணு காயிதம். 'எங்க ஸ்கூல்ல இன்னொரு பி.டி. டீச்சர் வேணுமாம், மதர்கிட்ட உன்னப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன், சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு வா'ன்னு. முதல் காயிதம் அது. ரெண்டாவதுல, 'இடத்த உனக்காக நிப்பாட்டி வச்சிருக்காக'ன்னு. மூணாவத நான் பிரிக்கல. அவ சிபாரிசுல நான் வேலைக்குப் போகணுமாக்கும்? காலம் பூரா அவ மொகத்தப் பாத்துக்கிட்டு, 'நல்ல ஜெசிந்தா டீச்சர், பாவம் குருவம்மா டீச்சர்'னு பேர் வாங்கவா?

அப்புறம் முப்பத்தோரு வயசுல கவர்மென்ட் வேலை கெடச்சுச்சு. எங்க ஊருப் பக்கமே ஒரு உயர்நிலைப் பள்ளி. இருபத்தெட்டு வருஷம் அங்கதான். ஓட்டத்துல எத்தனை பிள்ளைகள மாவட்டத்துக்கு அனுப்பியிருக்கேன் தெரியுமா? ஆனா ஜோடி ஆட்டம் மட்டும் என் மைதானத்துல கெடையாது. வளையப்பந்து தனியாளா ஆடலாம், ரெண்டு பேரா ஆட விட மாட்டேன்.

ஒரு தடவை ரெண்டு பொம்பளப் பிள்ளைக வந்துச்சுக. பேச்சிமுத்து, வெயிலாச்சின்னு. ஒரே தெரு. சாப்பாட்டு வேளையில ஒளிஞ்சு ஒளிஞ்சு ஜோடியா ஆடிப் பழகியிருக்குக. நான் சன்னல் வழியாப் பாத்தேன். பேசவே பேசாதுக. ஒண்ணு நகந்தா இன்னொண்ணு அந்த எடத்துல போயி நிக்கும். சன்னலச் சாத்திட்டேன். மறுநாளே பிரிச்சுட்டேன். பேச்சிமுத்துவத் தனியாள் போட்டிக்குப் போட்டேன், மத்தவள நீளந்தாண்டலுக்கு அனுப்பிட்டேன். அவுகளோட நல்லதுக்குத்தான். பின்னால ஒருத்திய ஒருத்தி குத்தம் சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாதுல்ல? வெயிலாச்சி ஒரு மாசத்துல மைதானத்துக்கு வர்றதையே நிப்பாட்டிட்டா. அவளுக்கு விளையாட்டுல ஆசை இல்ல போல. பேச்சிமுத்து மாவட்டத்துல முதல் ரவுண்டுலயே தோத்துட்டு வந்து என்ன ஒரு பார்வை பாத்தா. பாக்கட்டும். டீச்சர்னா பிள்ளைக மொறைக்கத்தான் செய்யும்.

சரி, இன்னைக்குக் கதைக்கு வர்றேன். ஜெசிந்தாவுக்கு இந்த வருஷம் ரிட்டயர்மென்ட். பத்திரிக்கை வந்துச்சு, ஓரத்துல கையால எழுதியிருந்தா, 'குருவு, வருவியா?'ன்னு. முப்பத்தேழு வருஷம் கழிச்சு. போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். அப்புறம் என்ன தோணுச்சோ, காலையில குளிச்சு பஸ் ஏறிட்டேன். அவ எப்படிக் கெழடு தட்டியிருக்கான்னு பாத்துட்டு வருவோம்னு.

போயிப் பாத்தா பள்ளிக்கூடமே தேர்த் திருவிழா மாதிரி இருக்கு. அவகிட்டப் படிச்ச பிள்ளைக எங்க எங்க இருந்தோ வந்திருக்குக. போலீஸ் உடுப்புல ரெண்டு, ரெயில்வேயில ஒண்ணு, கைக்கொழந்தையோட ஏழெட்டு. அவ வர்றா, முட்டி ரெண்டும் போயிருச்சு, கம்பு ஊணிக்கிட்டு வர்றா. தலை முழுக்க வெள்ளை. பிள்ளைக ஓடிப் போயி ஆளுக்கொரு பக்கமாத் தாங்குதுக. எனக்கு ரிட்டயர்மென்ட்டப்ப என்ன நடந்துச்சு தெரியுமா? ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். தலைமையாசிரியர் பேசிக்கிட்டு இருக்கும்போதே பெல் அடிச்சுருச்சு, பிள்ளைக பையத் தூக்கிட்டுப் போயிருச்சுக.

என்னப் பாத்ததும் கம்பக் கீழ போட்டுட்டுக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. 'வந்துட்டியா குருவு, வந்துட்டியா'ன்னு அதையே சொல்றா. எனக்குக் கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல. மேடையில கொண்டு போயி தன் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா. மதரு, கரஸ்பாண்டென்ட்டு, பெரிய பெரிய ஆளுக எல்லாம் அந்தக் கடைசியில.

எல்லாரும் பேசுனாக. இவ எத்தனை கோப்பை வாங்கிக் குடுத்தான்னு. கடைசியா இவ எந்திரிச்சா. 'ஜெயிச்ச கதைய எல்லாரும் சொல்லிட்டாக. நான் ஒரு தோத்த கதைய சொல்லுதேன்'னா. அந்த ஆட்டத்தச் சொல்றா யம்மா. இருபது, பத்தொம்பது, வளையம் நடுவுல வந்தது, எல்லாம். ஒண்ணையும் மறக்கல. எண்ணூறு பிள்ளைக மூச்சு விடாமக் கேக்குதுக.

'பட்டுச்சுன்னு நான் கையத் தூக்குனேன். பட்டது நெசம். ஆனா கையத் தூக்குறதுக்கு முன்னாடி என் ஜோடி மொகத்தப் பாத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. ரெண்டு பேரு நிக்கிற கோட்டுக்குள்ள நான் ஒருத்தியாவே முடிவு எடுத்துட்டேன். அவ வீட்டு நெலமை எனக்குத் தெரியும், தெரிஞ்சும் எடுத்துட்டேன். அதுக்கு இன்னைக்கு இந்த மேடையில வச்சு அவகிட்ட மன்னிப்புக் கேக்கேன்' அப்படிங்கா. என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிடுறா.

பிள்ளைக எல்லாம் என்னப் பாக்குதுக. அப்ப முன்வரிசையில ஒரு சின்னது, ஆறாம் வகுப்பு இருக்கும், ரெட்டச் சடை, எந்திரிச்சு நின்னு கேக்கு: 'டீச்சர், யார் மேல பட்டுச்சு?'

எல்லாரும் சிரிச்சாக. ஜெசிந்தாவும் சிரிச்சா. 'அத என் ஜோடி சொல்லுவா'ன்னுட்டு மைக்க என் கையில குடுத்துட்டா.

யம்மா, இதுவரைக்கும் நான் இத யார்கிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லல, தங்கச்சிககிட்ட சொல்லல. உங்கள எனக்குத் தெரியாது, என்னையும் உங்களுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். அது பட்டது என் மேல. இந்தா, இங்க, முழங்கைக்கு மேல. தட்டுன்னு பட்டு வழுக்கித்தான் கைக்கு வந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். அவளுக்கும் தெரியும். அவ மேல ஒரு தூசி கூடப் படல. அம்பயர் யார் மேலன்னு கேட்டப்ப அவ என்னத்தான் பாத்தா. நான் நிமிரல. அப்புறம்தான் 'என் மேல'ன்னா. அவள யாரு ஏத்துக்கிடச் சொன்னா? என் தப்பக் கூட என்கிட்ட விட்டு வைக்காம அவளே எடுத்துக்கிட்டு நல்ல பேரு வாங்கிட்டா.

மைக் என் கையில இருக்கு. கனமா இருந்துச்சு. சொல்லிரலாம்னு ஒரு நெனப்பு வந்துச்சு. பொய் சொல்லல, நெசமாவே வந்துச்சு. வாயத் தொறந்தேன். அந்தப் போலீஸ் உடுப்புப் பிள்ளைக, அந்த மதரு, அந்த ரெட்டச் சடை எல்லாம் என் வாயையே பாக்குதுக. என்ன நெனப்பாக? முப்பத்தேழு வருஷமா ஒரு வெள்ளந்திய வைதுக்கிட்டு இருந்த பொம்பளன்னு நெனக்க மாட்டாகளா?

'அவ மேலதான் பட்டுச்சு'ன்னேன். 'அதெல்லாம் நான் அப்பவே மன்னிச்சுட்டேன்'னேன்.

கூரை அதிருற மாதிரி கைதட்டு. அந்த மதரு கண்ணத் தொடச்சுக்கிட்டாக. ஒரு பிள்ள ஓடி வந்து என் காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போச்சு. ரெண்டு பேரு என்கிட்ட வந்து, 'நீங்க பெரிய மனசுக்காரங்க டீச்சர்'னாக. எனக்கு அந்த மாதிரி யாரும் சொன்னதே இல்ல. ஜெசிந்தாவும் கை தட்டுனா. ரெண்டு தட்டு. அப்புறம் கம்பப் பிடிச்சுக்கிட்டா.

பந்திக்குக் கூப்பிட்டாக. எனக்கு எறங்காதுன்னு தெரியும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். வாசல் கேட்டு வரைக்கும் அவ வந்தா. அந்த முட்டிய வச்சுக்கிட்டு மைதானத்த முழுக்கக் கடந்து வந்தா. கூட வந்த பிள்ளைகள, 'நீங்க போங்க'ன்னு அனுப்பிட்டா. நானும் அவளும் மட்டும் நிக்கோம். ஏதாவது கேப்பான்னு பாத்தேன். நானும் வாயில நாலு பதில் வச்சிருந்தேன். உன்ன யாரு மேடையில இழுத்து விடச் சொன்னான்னு கேக்க இருந்தேன். அன்னைக்கே நீ வாய மூடியிருந்தா என் தங்கச்சிக படிச்சிருக்கும்னு கேக்க இருந்தேன்.

அவ என் தோள்ல கைய வச்சா.

'நீ சொல்லிருவன்னு நெனச்சேன் குருவு'ன்னா.

அவ்வளவுதான். கோவமா இல்ல. கோவமாச் சொல்லியிருந்தா நானும் சண்ட போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். ஒரு கணக்குத் தப்பாப் போச்சுன்னா சொல்லுவோம்ல, அந்த மாதிரிச் சொன்னா. மொகத்தப் பாத்துக்கிட்டே நின்னேன். எப்பவும் நான்தான் யம்மா அவகிட்ட மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போவேன். ஹாஸ்டல்ல ஆறு மாசம், அப்புறம் மூணு காயிதம், எல்லாத்துலயும் நான்தான் திருப்புனேன். அவ நின்னுக்கிட்டேதான் இருப்பா.

இன்னைக்கு அவ திரும்பிட்டா. கம்ப ஊணிக்கிட்டு மைதானத்துல நடக்க ஆரம்பிச்சுட்டா. கூப்பிட்டா கேக்கிற தூரந்தான். நான் கேட்டுக் கதவப் பிடிச்சுக்கிட்டு, அவ கட்டடத்துக்குள்ள போற வரைக்கும் நின்னேன். ஒரு தடவ கூட அவ திரும்பிப் பாக்கல.